எங்கிருந்து அளக்கிறீர்கள்?

உங்கள் உயரம் என்ன?

ஐந்தடி நான்கு, ஐந்தடி ஏழு என்று ஏதோ ஒரு பதில் தயாராக இருக்கும். 'எங்கிருந்து?' என்று அடுத்த கேள்வி கேட்டால் முறைப்பீர்கள். 'இதென்னய்யா கேள்வி? உள்ளங்காலில் இருந்துதான்!'

நியாயம். ஆனால், 'அவர் எங்கேயோ போய்ட்டார் சார்' என்கிறோமே, 'இவன் இன்னும் அங்கேயே கிடக்கான்' என்கிறோமே... இதெல்லாம் எங்கிருந்து அளந்தது? இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை. நானும் கேட்டதில்லை. ஒரு சர்ச் சுவரில் இருந்த காக்காய்க் கால் கேட்க வைத்தது.

அதற்கு முன்னால், ரயில்வே ஸ்டேஷன் மஞ்சள் போர்டை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். மேலே கொட்டை எழுத்தில் ஊர்ப் பெயர். கீழே சின்னதாக, கடல் மட்டத்துக்கு மேலே இத்தனை மீட்டர் என்று ஓர் எண். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் சின்ன ஊரின் ஸ்டேஷனில் நானும் அண்ணனும் அந்த எண்ணை வைத்துச் சண்டை போடுவோம். எண் பெரிதாக இருந்தால் ஊர் பெரிது என்பது என் கட்சி. "போடா கூறுகெட்டவனே, தண்ணி வந்தா எந்த ஊரு முதல்ல முங்கும்னு சொல்ற கணக்குடா அது" என்பார் அண்ணன். எனக்கு எட்டு வயது, அவருக்குப் பதினான்கு. அவர் சொன்னதுதான் உண்மைக்கு அருகில் என்று புரிய எனக்கு நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

சில வருடங்களுக்கு முன் இங்கிலாந்தின் வடக்கே தங்கை வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊருக்கு போன். தங்கை பேசி, மாப்பிள்ளை பேசி, கடைசியாக நான் அண்ணனிடம் பேசினேன். வழக்கமான பேச்சுதான். மழை, கரன்ட் கட், மதினியின் முட்டி வலி. முடித்துவிட்டு செல்லை மேஜை மேல் வைத்தேன்.

"அண்ணன் இன்னும் அதே பேங்க்தானா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"அதே கூட்டுறவு பேங்க், அதே ஊரு. என்ன மூளை தெரியுமா அவருக்கு! பாவம், அங்கேயே நின்னுட்டார்" என்றேன்.

மேஜையில் இருந்து குரல் வந்தது. "சரி தம்பி, நான் வைக்கறேன்."

நான் லைனை கட் பண்ணவே இல்லை.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. மறுபடி போன் போடலாம் என்றால் என்ன சொல்வது? விடிந்ததும் வெளியே கிளம்பினேன். பக்கத்து வீட்டுப் பெரியவரும் கிளம்பிக்கொண்டிருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், ரிட்டயர்டு ஆசிரியர். கையில் மேப், கழுத்தில் கேமரா. "கோடு தேடப் போகிறேன், வருகிறீர்களா?" என்றார். எந்தக் கோடாக இருந்தால் என்ன, வீட்டைவிட்டு வெளியே போனால் போதும் என்று நடந்தேன்.

தெருக்கோடியில் பழைய சர்ச். வாசல் பக்கம் போகாமல் சுவரின் மூலைக்குப் போனார். கீழே குனிந்து பாசியைத் தடவினார். முழங்கால் உயரத்தில், கல்லில் விரல் நீளத்துக்கு ஒரு படுக்கைக் கோடு. அதற்குக் கீழே மூன்று சிறு கோடுகள், மேலே பார்த்த அம்பு மாதிரி, அந்தக் கோட்டைத் தொடுவதுபோல. காக்காய் ஈர மண்ணில் கால் வைத்தால் விழுமே, அந்த மாதிரி.

"பெஞ்ச்மார்க்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பி.காம்., ஐயா. எனக்கு பெஞ்ச்மார்க் என்றால் சென்செக்ஸ். ஆபீஸ் அப்ரைசலில் மேனேஜர் நீட்டுகிற தாளில் இருக்கும் வார்த்தை. இவர் சுவரைக் காட்டி பெஞ்ச்மார்க் என்கிறாரே!

ஆனால், அந்த வார்த்தை பிறந்ததே இந்தச் சுவரில்தான். அந்தப் படுக்கைக் கோட்டின் வெட்டுக்குள் ஓர் இரும்புப் பட்டையைச் செருகுவார்கள். அது சின்ன பெஞ்சு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த பெஞ்சின் மேல், அடி கணக்கு எழுதிய அளவுகோலை நிமிர்த்தி நிறுத்தி, தூரத்தில் இருந்து கருவி வழியாகப் பார்த்து அளப்பார்கள். பெஞ்சு உட்கார ஓர் அடையாளம், பெஞ்ச்மார்க். சென்செக்ஸ் எல்லாம் பிற்பாடு வந்த கதை.

பிரிட்டனின் அரசு நில அளவைத் துறைக்கு ஆர்ட்னன்ஸ் சர்வே என்று பெயர். நாடு பூராவும் உயரத்தைக் குறிக்க அவர்கள் இட்ட அடையாளங்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம். சர்ச், பாலம், பள்ளிக்கூடம், மதுக்கடைச் சுவர், மைல்கல் என்று, சீக்கிரத்தில் யாரும் இடிக்கமாட்டார்கள் என நம்பிய எல்லாவற்றிலும் வெட்டியிருக்கிறார்கள். பெரியவரின் பொழுதுபோக்கு, மிச்சம் இருப்பதைத் தேடுவது. பத்து நாளில் எனக்கும் அந்தப் பைத்தியம் கொஞ்சம் பிடித்தது.

நீங்கள் என்றாவது அந்த ஊர்ப் பக்கம் போனால் உதவும், சொல்லிவிடுகிறேன்.

முதல் பாடம், அம்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். அம்புக்குறி அங்கே சர்க்கார் முத்திரை. கப்பற்படை சாமானிலும் குத்துவார்கள், ஒரு காலத்தில் கைதிகளின் சட்டையிலும் குத்தினார்கள். ராணுவ நிலத்தின் எல்லைக்கல்லிலும் அம்பு இருக்கும். அம்புக்கு மேலே அந்தப் படுக்கைக் கோடு இருந்தால்தான் அது உயரக் குறி. அம்பு 'இது அரசாங்கத்துடையது' என்கிறது. கோடு மட்டும்தான் 'இந்த இடத்தில் அள' என்கிறது. நம் ஊரிலும் அம்பு மட்டும் உள்ள ஆசாமிகள் நிறைய உண்டு, விடுங்கள்.

சுவராக இல்லாமல் படி, பாலத்துக் கைப்பிடிச் சுவர் மாதிரி படுத்த பரப்பாக இருந்தால் கோடு வெட்டிப் பிரயோஜனம் இல்லை. அங்கே சின்ன பித்தளை ரிவெட் அடித்திருப்பார்கள். அதன் தலைதான் உயரம். ரிவெட் அடித்தால் பெயர்ந்துவிடும் மெத்தென்ற மணற்கல்லாக இருந்தால், அதையும் செய்யாமல் ஒரு சின்னக் குழி மட்டும். அளக்க வருகிறவர் பையில் ஓர் இரும்பு குண்டு கொண்டு வருவார். குழியில் குண்டை வைத்து, குண்டின் உச்சியில் கோலை நிறுத்துவார். வேலை முடிந்ததும் குண்டு பைக்குள் போய்விடும். குழியைப் பார்க்கிறவனுக்கு அது வெறும் குழி. சில இடத்தில் காளான் குடை மாதிரி தலை உள்ள பித்தளை போல்ட்.

இன்னும் முக்கியமான இடங்களில் ஓர் உலோகத் தகடு. ஒரு சாண் உயரம், அதில் பாதி அகலம். சுவரோடு சுவராகப் பதித்திருக்கும். அதில் எழுத்தும் இருக்கும், எண்ணும் இருக்கும். நான் முதல் தகட்டைப் பார்த்ததும் குதித்தேன், "இதோ உயரம்!" என்று. பெரியவர் தலையாட்டினார், "இல்லை." அது தகட்டின் வரிசை எண். உயரம் அதில் இல்லை. எந்தக் குறியிலும் உயரம் எழுதியிருக்காது. அது ஆபீசில் இருக்கும் பட்டியலில், அளந்த வருடத்தோடு சேர்த்து எழுதியிருக்கும்.

யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊர் மஞ்சள் போர்டு தன் உயரத்தைத் தானே எழுதிக்கொண்டு நிற்கிறது. ஊருக்கே உயரம் சொல்லத் தகுதியான இந்தக் கோடு, தன் உயரத்தைச் சொல்லிக்கொள்வதே இல்லை.

எல்லாவற்றுக்கும் பெரியண்ணன் ஒன்று உண்டு. அடிப்படைக் குறி. நாடு முழுவதுக்கும் ஏறத்தாழ 200தான். வெளியே பார்த்தால் இடுப்பளவுகூட இல்லாத குட்டைத் தூண், உச்சியில் பித்தளை போல்ட். ஆனால், உண்மையான அளவுப் புள்ளிகள் பூமிக்கு அடியில், கெட்டியான பாறைமேல் கட்டிய அறைக்குள் மூடி வைத்திருக்கிறது. மேலே உள்ள போல்ட் பொதுஜனப் புழக்கத்துக்கு. நாட்டையே புதிதாக அளக்கும்போது மட்டும் சர்வே ஆட்கள் வந்து அறையைத் திறப்பார்கள். அப்படி ஒரு தூணை வயல்வெளி ஓரத்தில் பார்த்தேன். பக்கத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

மலை உச்சியில் நிற்கும் நாலடி கான்க்ரீட் தூணை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது 1936ல் தொடங்கி வைத்தது, முக்கோண அளவைக்கு. கருவியை மேலே பூட்டி, இன்னொரு மலையில் உள்ள தூணைப் பார்த்து, கோணம் எடுக்க. அதன் காலிலும் பெரும்பாலும் உயரத் தகடு பதித்திருக்கும். ஆனால், தூண் நிற்பது எப்போதும் மலையின் உச்சிப் புள்ளியில் அல்ல. நாலு பக்கமும் நன்றாகத் தெரியும் இடத்தில். அதைக் கட்டிப்பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டு, சிகரத்தைத் தொட்டுவிட்டதாக இறங்கி வருகிறவர்கள் உண்டாம். நல்ல பார்வை கிடைக்கும் இடம் வேறு, உயர்ந்த இடம் வேறு.

"சரி, உயரம் உயரம் என்கிறீர்களே, எப்படித்தான் அளக்கிறார்கள்?" என்று கேட்டேன். பெரியவர் நோட்டில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். ரொம்ப எளிது. உயரம் தெரிந்த குறியின் மேல் ஒரு கோல். தெரியாத இடத்தில் ஒரு கோல். நடுவில் மட்டக் கருவி. பின்னால் பார்த்து ஒரு எண், முன்னால் பார்த்து ஒரு எண். வித்தியாசம்தான் ஏற்றமோ இறக்கமோ. பிறகு கருவியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடம். இப்படியே ஊர் ஊராக. ஏற்றத்துக்கு ஒரு பத்தி, இறக்கத்துக்கு ஒரு பத்தி. கடைசியில் இரண்டையும் கூட்டிக் கழித்தால், முதல் உயரத்துக்கும் கடைசி உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தோடு ஒத்துப் போக வேண்டும்.

அட, இது நம்ம டிரையல் பேலன்ஸ்! பற்றும் வரவும் டாலி ஆகவேண்டும், அவ்வளவுதானே.

டிரையல் பேலன்ஸ் பாடத்தில் எங்களுக்கு முதலிலேயே ஓர் எச்சரிக்கை சொல்லித் தருவார்கள். டாலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தம் இல்லை. ஆரம்ப இருப்பே தவறாக எழுதி, அந்தத் தவறு இரண்டு பக்கமும் ஏறியிருந்தால், கடைசிவரை டாலி ஆகும். கடைசிவரை தவறாகவே இருக்கும். உயரக் கணக்கும் அப்படித்தான். ஆரம்பக் குறியின் உயரம் தப்பு என்றால், பின்னால் வரும் கூட்டல் கழித்தல் எல்லாம் சுத்தம், விடை மட்டும் தப்பு.

அந்த இடத்தில் எனக்கு சுருக்கென்றது. 'அண்ணன் அங்கேயே நின்னுட்டார்' என்ற என் கணக்கும் டாலி ஆன கணக்குதான். நான் சென்னை போனேன், பத்திரிகை, பதவி, வெளிநாடு. அவர் எங்கும் போகவில்லை. கூட்டிக் கழித்தால் சரியாகத்தான் வருகிறது. ஆரம்ப இருப்பை எங்கே வைத்தேன்?

சரி, எல்லாக் குறிக்கும் ஆரம்பம் எது? கடல் மட்டம். எந்தக் கடல்? எந்த நாள்? காலையில் ஏறுகிறது, மத்தியானம் இறங்குகிறது. பௌர்ணமிக்கு ஒரு மட்டம், அஷ்டமிக்கு ஒரு மட்டம். பிரிட்டன்காரர்கள் முதலில் 1844ல் லிவர்பூல் துறைமுகத்தில் சில நாள் மட்டும் பார்த்து ஒரு பூஜ்யத்தை வைத்துக்கொண்டார்கள். அது போதவில்லை. பிறகு தென்மேற்கு மூலையில் கார்ன்வால் கரையில் நியூலின் என்ற மீன்பிடித் துறைமுகத்தைப் பிடித்தார்கள். கருங்கல் பூமி, எதிரே திறந்த அட்லான்டிக். 1915 மே முதல் 1921 ஏப்ரல் வரை ஆறு வருடம் கடலின் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்து சராசரி எடுத்தார்கள். அந்தச் சராசரிதான் பூஜ்யம். அந்த மட்டத்துக்கு 4.751 மீட்டர் மேலே ஒரு பித்தளை போல்ட். அதில் இருந்து நாடு முழுக்க அளந்தார்கள்.

ஆக, அந்த சர்ச் சுவரின் கோட்டுக்கு லிவர்பூல் கணக்கில் ஓர் உயரம், நியூலின் கணக்கில் வேறு உயரம். கல் அசையவில்லை. இரண்டுமே பொய் இல்லை. அதன் பிறகு கடலும் சும்மா இல்லை, அந்தக் கரையில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் ஏறிவிட்டது. பூஜ்யம் மட்டும் 1921ல் நின்றது நின்றதுதான். இன்றைக்கு அங்கே போய்க் கடலில் கால் நனைத்தால், நீங்கள் நிற்பது மேப்பின் பூஜ்யத்தில் இல்லை. பூஜ்யம் என்பது கடல் போட்ட கோடு அல்ல, மனிதர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம்.

நம் ஊர்க் கதையும் இதேதான். 1802 ஏப்ரலில் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு அடிக்கோடு அளந்து, இந்தியாவின் பெரிய முக்கோண அளவையைத் தொடங்கினார். துல்லியமாக மட்டம் எடுக்கும் வேலை 1858ல் ஆரம்பமானது. 1909ல் கணக்கை முடித்தபோது சென்னை, நாகப்பட்டினம், விசாகப்பட்டினம், ஒடிசாவின் ஃபால்ஸ் பாயின்ட், கொச்சி, பேப்பூர், கார்வார், மும்பை, கராச்சி என்று ஒன்பது துறைமுகங்களில் கடலின் சராசரி மட்டத்தை எடுத்து, ஒன்பதும் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டார்கள். பழைய ரயில் நிலையம், பாலம், அரசு பங்களா பக்கம் 'ஜி.டி.எஸ்.', 'பி.எம்.' என்று ஆங்கில எழுத்து வெட்டிய கல்லைப் பார்த்தால் சும்மா தாண்டிப் போகாதீர்கள். நம் ஊர்க் காக்காய்க் கால் அதுதான். அதன் மேல் வேட்டி காயப்போடாமல் இருந்தால் நல்லது.

காமர்ஸ்காரன் புத்தி, சென்செக்ஸைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1978-79ஐ 100 என்று வைத்துக்கொண்டால் இன்றைக்கு இவ்வளவு, அதுதான் அந்த எண். 'வைத்துக்கொண்டால்' என்ற வார்த்தையை மட்டும் தினசரி டி.வி. சொல்வதில்லை.

பூஜ்யத்தைச் சொல்லாமல் உயரத்தை மட்டும் பேசினால் என்ன ஆகும்? ஜெர்மனிக்கும் ஸ்விட்சர்லாந்துக்கும் நடுவே ரைன் நதி. இரண்டு கரையிலும் லாஃபன்பர்க் என்றே பெயருள்ள இரண்டு ஊர்கள். நடுவே ஒரு பாலம். இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள் கட்டி வந்தார்கள். ஜெர்மனிக்குக் கடல் என்றால் வட கடல், ஸ்விட்சர்லாந்துக்கு மத்தியதரைக் கடல். இரண்டு பூஜ்யத்துக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம். இது இன்ஜினீயர்களுக்கு முதலிலேயே தெரியும். கணக்கில் திருத்தியும் விட்டார்கள். ஆனால், கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள். 2003ல் பார்த்தால் இரண்டு பக்கத்துக்கும் நடுவே 54 சென்டிமீட்டர் படி! செலவு பண்ணித் திருத்தித்தான் பாலத்தைச் சேர்த்தார்கள்.

தெரியாததால் வந்த தப்பு அல்ல இது. வித்தியாசம் தெரியும். எந்தத் திசையில் என்பதில்தான் கோட்டை விட்டார்கள். இந்தக் கதையைப் படித்தபோது எனக்கு ரைன் நதி ஞாபகம் வரவில்லை. எங்கள் ஊர் ஞாபகம் வந்தது.

என் பி.காம். ஃபீஸ் கட்டியது அண்ணன். நான் இன்டர்வியூவுக்குப் போட்டுப்போன சட்டை அண்ணனுடையது. சென்னையில் மாசக் கடைசியில் காசு தீர்ந்தால் மணியார்டர் வந்தது அதே கூட்டுறவு பேங்க் சம்பளத்தில் இருந்து. அவர் நின்ற இடத்தில் இருந்துதான் நான் ஏறினேன். என் ஆரம்பக் குறியே அவர். நானோ, அளந்து முடித்ததும் குறியைப் பார்த்து 'பாவம், நீ கீழே இருக்கே' என்றிருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ரயில் ஏறினேன். பேச வேண்டியதை எல்லாம் ராத்திரி முழுக்க மனசுக்குள் தயார் செய்தேன். சர்ச் சுவர், காக்காய்க் கால், தன் உயரத்தைச் சொல்லிக்கொள்ளாத கல். 'அண்ணே, நீங்கதான் எங்க பெஞ்ச்மார்க்.' எவ்வளவு அழகான வாக்கியம்!

ஸ்டேஷனுக்கு டிவிஎஸ் 50ல் வந்திருந்தார். மஞ்சள் போர்டுக்குக் கீழேயே ஆரம்பித்தேன். "அண்ணே, அன்னிக்கு போன்ல..."

"ஆமா, கேட்டுச்சு."

"தப்பா நினைச்சுட்டீங்களா?"

வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் நின்றார். "நின்னுட்டேன்னு சொன்னே பாரு, அது தப்பு இல்ல தம்பி. நின்னுட்டேன்தான். 'பாவம்'னு சொன்னே பாரு... அது ஒரு மாதிரி இருந்துச்சு."

நான் என் பெஞ்ச்மார்க் பிரசங்கத்தைத் தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் சிரித்தார்.

"கல்லுங்காதடா. கல்லுக்கு முட்டி வலிக்காது. எனக்கு வலிக்குது."

பிறகு, எனக்கு அதுவரை தெரியாத ஒன்றைச் சொன்னார். நான் காலேஜ் சேர்ந்த வருடம் அவருக்கு பம்பாயில் ஒரு கம்பெனியில் இருந்து ஆர்டர் வந்திருக்கிறது. அப்பா படுத்த படுக்கை. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"எவனும் என்னைக் கட்டிப் போடல. வேண்டாம்னது நான்தான். அதுக்காக வருத்தமே இல்லேன்னு சொன்னா அது பொய். பம்பாய் மெயில்னு எங்கயாவது கேட்டா ஒரு நிமிஷம் என்னமோ பண்ணும். ஆனா, அப்பாவும் சரி, அம்மாவும் சரி, கடைசி வரைக்கும் சொந்த வீட்டுல, சொந்தக் கட்டில்ல இருந்தாங்க. நான் அதுலேர்ந்து பார்ப்பேன். அதுலேர்ந்து பார்த்தா நான் ஒண்ணும் கீழ இல்ல."

வாசகர்களே, இங்கேதான் என் தப்பு இரண்டு மடங்கு என்று எனக்குப் புரிந்தது. முதலில், அவரை என் கடலில் இருந்து அளந்து 'பாவம்' என்றேன். பிறகு தப்பைத் திருத்துகிறேன் பேர்வழி என்று அவரைத் தூக்கி 'கல்' ஆக்கினேன். அதுவும் என் கடலில் இருந்து அளந்ததுதான். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்த இன்ஜினீயர் மாதிரி, வித்தியாசம் தெரிந்தும் திருத்தம் தப்பாகப் போய்விட்டது.

இதை நாம் நிறையச் செய்கிறோம். வீட்டோடு இருந்துவிட்ட அக்காவை, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட மருமகளை, ஊரிலேயே தங்கிவிட்ட தம்பியை முதலில் பரிதாபமாகப் பார்ப்போம். மனசாட்சி உறுத்தினால் 'தியாகி' என்று பட்டம் கொடுப்போம். அதிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது. கல் என்று சொல்லிவிட்டால் கல்லுக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டியதில்லை. சர்ச் சுவரின் கோடு, தன்னை வைத்து அளக்கச் சொல்லி யாரிடமும் விண்ணப்பம் போடவில்லை. நிலக்கரிச் சுரங்கம் தோண்டிய பகுதிகளில் நிலம் அமிழ்ந்து, இந்தக் குறிகளும் சேர்ந்து அமிழ்ந்ததுண்டு. பட்டியலில் அளந்த வருடத்தையும் எழுதி வைப்பது இதற்காகவும்தான். நிற்கிறவர்களும் இறங்குவார்கள். எப்போது கடைசியாகப் போய்ப் பார்த்தோம் என்பது நம் பட்டியலில் இருக்கிறதா?

அப்படியானால் யாரையுமே அளக்கக்கூடாதா? அளக்காமல் இருக்க முடியாது. வேலைக்கு ஆள் எடுக்க வேண்டும், மாப்பிள்ளை பார்க்க வேண்டும், பையனுக்கு மார்க் போட வேண்டும். பாலம் கட்ட வேண்டும் என்றால் உயரம் தெரிந்துதான் ஆகவேண்டும். ஆனால், இரண்டு கரைக்கு நடுவே பாலம் போடுகிறவன் முதலில் எதிர்க்கரையைப் பார்த்துக் கேட்க வேண்டியது 'நீ எவ்வளவு உயரம்?' என்று அல்ல. 'உன் கடல் எது?' என்று.

நாற்பது வருடமாக என் அண்ணனிடம் நான் அதைக் கேட்கவில்லை. அவராகச் சொன்னதால் தெரிந்தது. எல்லா அண்ணன்களும் சொல்ல மாட்டார்கள். 'சரி தம்பி, நான் வைக்கறேன்' என்று முடித்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

இங்கிலாந்தில் இப்போது யாரும் புதிதாகக் கோடு வெட்டி உயரத்தைப் பராமரிப்பதில்லை. செயற்கைக்கோள் பார்த்துக்கொள்கிறது. கட்டடம் இடியும்போது கோடும் சேர்ந்து போகிறது. பெரியவர் மட்டும் இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்து, நோட்டில் தேதி போட்டு எழுதுகிறார். 'இருக்கிறது' என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். எதற்கு இந்த வேலை என்று கேட்டதற்கு, "ஒரு காலத்தில் எல்லோரும் இதில் இருந்து அளந்தார்கள். யாராவது வந்து பார்த்தால் மரியாதையாக இருக்கும் இல்லையா?" என்றார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் அப்படி ஒருவருக்கு போன் போடுங்கள். நலமா என்று கேட்டு நிறுத்திவிடாமல், 'நீங்க எதை வச்சுப் பார்க்கறீங்க, உங்களுக்கு இது போதுமா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வர நேரம் ஆகும். பொறுத்திருங்கள்.

பேசி முடித்ததும், தயவுசெய்து லைன் கட் ஆகிவிட்டதா என்று பாருங்கள்.